பழைய ட்ரில்லிங் மெஷினைச் சீர்செய்வது: தேர்வு செய்வதிலிருந்து முதல் துளை வரை

பழைய பெஞ்ச் ட்ரில்லிங் மெஷின் ஒன்றைப் பார்த்ததும் கண்ணில் படுவது துருவும் உரிந்த பெயின்டும்தான். இரண்டையும் பார்த்து மிரள வேண்டியதில்லை. மெஷினின் தரம் முழுக்க ஹெட் எனும் தலைப்பகுதிக்குள் சுழலும் ஸ்பிண்டில் என்ற தண்டில் இருக்கிறது. ஸ்பிண்டில் வளையாமல், அதைத் தன்னுள் தாங்கியபடி மேலும் கீழும் நகரும் குவில் என்ற எஃகுக் குழல் ஆட்டமில்லாமல் இருந்தால் மற்றதையெல்லாம் வீட்டுப் பட்டறையிலேயே ஒப்பேற்றிவிடலாம். அது கெட்டிருந்தால் எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் 10 மி.மீ. ட்ரில் போட்ட இடத்தில் பத்தரை மி.மீ. துளைதான் விழும். அதனால்தான் இந்த வழிகாட்டியில் ஸ்பிண்டில் முன்னாலும் பெயின்ட் பின்னாலும் வருகிறது. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். பெயின்டெல்லாம் காய்ந்த பிறகு சத்தம் வருகிறதென்று மறுபடி பிரிக்கிறார்கள்.

இவ்வளவு சிரமப்படுவதற்குக் காரணம் வார்ப்பிரும்பு. அந்தக் கால மெஷின்களில் ஹெட், டேபிள், பேஸ் மூன்றும் கனமான வார்ப்பு. அந்தக் கனம் அதிர்வை விழுங்கிவிடும், அழுத்தும்போது டேபிள் வளைந்து கொடுக்காது. உள்ளே எலக்ட்ரானிக்ஸ் கிடையாது. பெரும்பாலும் தேய்வது பேரிங்கும் பெல்ட்டும்தான். இரண்டும் இன்றைக்கும் கிடைக்கிற அளவுகள்.

பெயர்ப்பலகை இருந்தால் அதை முதலில் துடைத்துப் படியுங்கள். 1919-இல் மில்வாக்கியில் தொடங்கிய டெல்டா நிறுவனத்தை 1945-இல் ராக்வெல் வாங்கியது. ஆகவே டெல்டா மெஷினில் ராக்வெல் பெயரும் சேர்ந்திருந்தால் அது அந்த ஆண்டுக்குப் பிந்தையது. மாடல் எண் தெரிந்தால் பாகங்களின் படத்தைத் தேடிப் பிடிக்கலாம், பிரிக்கும்போது அது பெரிய உதவி. 15 அங்குல மெஷின் என்றால் 15 அங்குல அகலப் பலகையின் நடுவில் அதனால் துளை போட முடியும் என்று பொருள். அதாவது தூணின் முகத்திலிருந்து ஸ்பிண்டிலின் மையம் வரை ஏழரை அங்குலம்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

கைப்பிடியைச் சுற்றி குவிலை முழுவதும் கீழே இறக்குங்கள். இறக்கிய நிலையில், ட்ரில்லைக் கவ்வும் சக்கைப் பிடித்து முன்னும் பின்னும், இடதும் வலதும் ஆட்டிப் பாருங்கள். லேசாக ஒரு உணர்வு தெரிந்தால் பரவாயில்லை. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஆடினால், குவில் ஹெட்டுக்குள் தேய்ந்திருக்கிறதா, பேரிங் போயிருக்கிறதா என்று பிரித்தறிய வேண்டும். குவில் லாக்கை இறுக்கிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் தேய்மானம் குவிலில். நிற்காமல் போனால் பேரிங்கில்; அது கவலையே இல்லை, எப்படியும் மாற்றத்தான் போகிறோம். ஹெட்டின் வார்ப்பு ஒரு பக்கம் பிளந்து போல்ட்டால் இறுக்கும்படி அமைந்திருந்தால் குவிலின் தேய்மானத்தையும் ஓரளவு ஈடுகட்டலாம்.

அடுத்து புல்லியைக் கையால் மெதுவாகச் சுற்றிக்கொண்டே சக்கின் மூக்கைப் பாருங்கள். நேரான கம்பி ஒன்றை சக்கில் மாட்டி அதன் நுனிக்குப் பக்கத்தில் ஒரு பென்சிலை நிலையாகப் பிடித்தால் இடைவெளி கூடிக் குறைவது தெரியும். நன்றாகவே அவுட் அடித்தால், அதாவது மையம் விலகிச் சுற்றினால், சக் கெட்டிருக்கலாம், ஸ்பிண்டிலும் வளைந்திருக்கலாம். முடிந்தால் சக்கைக் கழற்றச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

விரிசலை மூன்று இடங்களில் தேடுங்கள்: டேபிளைத் தூணோடு பிடிக்கும் பிராக்கெட், ஹெட்டை இறுக்கும் காதுகள், பேஸின் போல்ட் துளைகள். வார்ப்பிரும்பை வெல்டிங் செய்ய நிக்கல் ராடும் முன்சூடும் பொறுமையும் வேண்டும். பித்தளை வைத்து பிரேசிங் செய்வது சற்றே எளிது. பிராக்கெட் உடைந்திருந்தால் விலையைப் பேசுவதைவிட நகர்ந்துவிடுவதே மேல்.

கைப்பிடி உருண்டை, பெல்ட் கவர், ஆழம் நிறுத்தும் நட்டு போன்றவை காணாமல் போயிருந்தால் செய்துகொள்ளலாம். பினியன் தண்டு (கைப்பிடியோடு சுழன்று குவிலை நகர்த்தும் பல்தண்டு), ஸ்பிண்டில், குவில், படிப்புல்லி (படிப்படியாக அளவு மாறும் பெல்ட் சக்கரம்) இந்த நான்கில் ஒன்று இல்லையென்றால் இன்னொரு மெஷினைப் பலி கொடுத்துத்தான் இதைப் பிழைக்க வைக்க முடியும். மோட்டார் ஓடுகிறதா என்று விற்பவர் காட்டுவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். மோட்டார் மாற்றக்கூடியது.

தூக்கி வரும்போது ஒரு எச்சரிக்கை. இந்த மெஷின்களுக்குக் கனம் முழுவதும் மேலே. நிற்க வைத்து ஏற்றினால் சாயும். ஹெட்டைத் தனியாகக் கழற்றி எடுப்பதே பாதுகாப்பு. ஆனால் அதன் போல்ட்டைத் தளர்த்தும் முன் டேபிளை ஹெட்டின் அடிவரை உயர்த்தி, நடுவில் மரக்கட்டை வைத்துத் தாங்கல் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் போல்ட் தளர்ந்த நொடியில் ஹெட் தூணோடு சறுக்கி விரல்மேல் இறங்கும்.

பிரித்தல்

பிரிக்கும் முன் எல்லாப் பக்கத்திலிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றும் ஒவ்வொரு தொகுதியையும் தனி டப்பாவில் போட்டுப் பெயர் எழுதுங்கள். இறுகிப்போன எல்லா இணைப்புகளிலும் முந்தைய நாளே ஊடுருவும் எண்ணெய் விட்டு வையுங்கள். அசிட்டோனையும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயையும் சம பங்கு கலந்தாலும் அந்த வேலையைச் செய்யும். கலவை சீக்கிரம் தீப்பிடிக்கும், அருகில் நெருப்பு கூடாது.

பெல்ட் கவர், பெல்ட், மோட்டார் மூன்றும் சுலபமாக வந்துவிடும். சிக்கல் புல்லியில் ஆரம்பிக்கும். புல்லியின் பக்கவாட்டுத் துளைக்குள் ஆலன் கீயை விட்டு செட் ஸ்க்ரூவைக் கழற்றிய பிறகும் புல்லி அசையாமல் இருந்தால், டார்ச் அடித்து அதே துளைக்குள் பாருங்கள். பல மெஷின்களில் முதல் ஸ்க்ரூவைப் பூட்டுவதற்காக அதே துளையில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஸ்க்ரூ போட்டிருப்பார்கள். மேலே உள்ளதைக் கழற்றிவிட்டு, கீழே இன்னொன்று இருப்பது தெரியாமல் புல்லரை மாட்டி இழுத்தால் ஸ்க்ரூவின் முனை தண்டை உழுதுவிடும். அல்லது புல்லியின் விளிம்பு கையோடு வந்துவிடும். பழைய புல்லிகளில் பல துத்தநாக அல்லது அலுமினிய வார்ப்பு, வளையாமல் நேராக உடையக்கூடியவை. ஆகவே புல்லரின் நகங்கள் விளிம்பைப் பிடிக்காமல், புல்லிக்கு அடியில் வைத்த இரும்புத் தட்டைப் பிடிக்கும்படி மாட்டுங்கள். ஹாட் ஏர் கன்னால் புல்லியை மட்டும் சூடாக்கினால் அது விரிந்து எளிதில் நகரும். தண்டில் அரைவட்டச் சாவி (புல்லியைத் தண்டோடு பூட்டும் சிறு இரும்புத் துண்டு) இருந்தால் அதைத் தொலைத்துவிடாதீர்கள்.

சக் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். குவிலின் பக்கத்தில் நீளவாக்கில் ஒரு துளை இருந்தால் அது மோர்ஸ் டேப்பர், அதாவது சக்கின் கூம்புத் தண்டு ஸ்பிண்டிலின் கூம்புத் துளைக்குள் கவ்வி நிற்கும் வகை. பெஞ்ச் மெஷின்களில் பெரும்பாலும் 2-ஆம் எண். ஸ்பிண்டிலைத் திருப்பி அதன் துளையையும் குவிலின் துளையையும் நேர்படுத்தி, ஆப்பு வடிவ டிரிஃப்ட்டை நுழைத்து ஒரு தட்டு தட்டினால் போதும். அடியில் மரத்துண்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்படித் துளை இல்லாமல் ஸ்பிண்டிலின் முனையே கூம்பாக இருந்தால் அது ஜேக்கப்ஸ் டேப்பர், 33 அல்லது 6-ஆம் எண் அதிகம் வரும். சக்கின் முதுகுக்கும் ஸ்பிண்டில் தோளுக்கும் இடையே ஒரு ஜோடி கவை ஆப்புகளை எதிரெதிராக நுழைத்து அழுத்த வேண்டும். சில மெஷின்களில் சக்கின் மேலே மரையிட்ட ஒரு காலர் இருக்கும். அதைச் சுற்றினாலே சக்கைக் கீழே தள்ளிவிடும். இந்த மூன்றையும் அடையாளம் காணாமல் சுத்தியல் எடுப்பது ஸ்பிண்டிலுக்குக் கேடு.

அடுத்தது குவிலை மேலே இழுத்துக்கொள்ளும் சுருள் ஸ்பிரிங். பக்கவாட்டில் வட்டமான டப்பா மாதிரி மூடியோடு இருக்கும். கையில் காயம் வாங்கித் தருவது பெரும்பாலும் இதுதான். கண்ணாடியும் தடிமனான கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். மெஷின் ஓடாத நேரம் என்பதால் இங்கே கையுறை சரி. மூடியை நன்றாகப் பிடித்துக்கொண்டு வெளி நட்டை ஓரிரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். மூடியின் விளிம்பில் உள்ள வெட்டு, வார்ப்பில் உள்ள முளையிலிருந்து விடுபடும் அளவுக்கு மட்டும் மூடியை வெளியே இழுத்து, ஒரே ஒரு வெட்டு திரும்ப விட்டு, மறுபடி முளையில் உட்கார வையுங்கள். பிடியை மாற்றிக்கொண்டு அடுத்த வெட்டு. இழுவிசை தீரும்வரை இப்படியே. எத்தனை வெட்டு திரும்பியது என்று எண்ணி எழுதி வைத்தால் திரும்பப் பொருத்தும்போது அதே இறுக்கம் கிடைக்கும். மூடியையும் ஸ்பிரிங்கையும் பிரிக்கத் தேவையில்லை. துணியில் சுற்றி அப்படியே வைத்துவிடலாம்.

ஸ்பிரிங் போன பிறகு குவிலைப் பிடித்திருப்பது பினியன் மட்டுமே. பினியன் தண்டை உருவும் முன் குவிலுக்கு அடியில் டேபிளில் கட்டை வையுங்கள். தண்டு வெளியே வந்ததும் குவில் தானாகக் கீழே வரும். குவிலிலிருந்து ஸ்பிண்டிலை எடுக்க மேல்முனையில் உள்ள நட்டை அல்லது சர்க்ளிப்பைக் கழற்றி, மரச்சுத்தியலால் தட்ட வேண்டும். நட்டு இடமரையாக இருக்கலாம். எந்தப் பக்கம் சுற்றினாலும் வராவிட்டால் பலத்தைக் கூட்டாமல் மரையின் சாய்வைப் பார்த்து முடிவெடுங்கள்.

ஸ்பிண்டில் கைக்கு வந்ததும் சோதனை. பேரிங் உட்காரும் இரண்டு இடங்களையும் ஒரே மாதிரியான இரண்டு வி-பிளாக்குகளில் வைத்து, நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் டயல் கேஜின் நுனியை டேப்பரில் தொட வைத்து மெதுவாகச் சுற்றுங்கள். 0.03 மி.மீ.க்குள் இருந்தால் அருமை. 0.05 வரை மரவேலைக்கும் பொதுவான இரும்பு வேலைக்கும் தாராளம். 0.1-ஐத் தாண்டினால் ஸ்பிண்டிலை நிமிர்த்த வேண்டும், அல்லது வேறு தேட வேண்டும். இந்த முடிவு தெரியும்வரை துருவையும் பெயின்டையும் தொடாதீர்கள்.

துரு

எல்லாப் பாகத்துக்கும் ஒரே வைத்தியம் கிடையாது. முதலில் மண்ணெண்ணெயிலும் பழைய பிரஷ்ஷிலும் எல்லாவற்றையும் கழுவுங்கள். துரு என்று நினைத்ததில் பாதி உறைந்துபோன எண்ணெயாக இருக்கும்.

டேபிள் பிராக்கெட், பேஸ் போன்ற பெரிய வார்ப்புகளுக்கு மின்பகுப்பு முறை நன்றாக வேலை செய்யும். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, 4 லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா கரையுங்கள். 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் துருப்பிடித்த பாகத்துக்கு, பாசிட்டிவ் வேண்டாத இரும்புத் தகட்டுக்கு. மாற்றிக் கொடுத்தால் உங்கள் பாகம் கரைந்து தகடு சுத்தமாகும். தகடாக ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைப் பயன்படுத்தவே கூடாது, அதிலிருந்து நச்சான குரோமியம் சேர்மம் தண்ணீரில் கலக்கும். தகடு எந்தப் பக்கத்தைப் பார்க்கிறதோ அந்தப் பக்கத் துருதான் வேகமாகப் போகும். அதனால் பாகத்தைச் சுற்றிலும் பல தகடுகள் வைப்பது நல்லது. ஹைட்ரஜன் வாயு வருவதால் திறந்த வெளியில் செய்யுங்கள், கிளிப்பைக் கழற்றும் முன் சார்ஜரை அணையுங்கள். புதிய தானியங்கி சார்ஜர்கள் பேட்டரி இல்லாமல் மின்சாரம் தராது, பழைய வகைதான் வேண்டும். அலுமினியப் புல்லி, துத்தநாகப் பாகம் எதையும் இந்தத் தொட்டியில் போடக்கூடாது, காரம் அவற்றைத் தின்றுவிடும்.

சிறிய நட்டு, போல்ட், கைப்பிடிகளை வினிகரில் ஓர் இரவு ஊறவைத்து, சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசிவிடலாம். ஆனால் அமிலம் பளபளப்பான பரப்பைச் சாம்பல் நிறமாக அரித்துவிடும், கடினமான எஃகை நொறுங்கும்படியும் ஆக்கும். ஆகவே ஸ்பிண்டில், குவில், சுருள் ஸ்பிரிங் மூன்றுக்கும் அமிலம் வேண்டாம். எண்ணெயில் நனைத்த மெல்லிய ஸ்டீல் உல் அவற்றுக்குப் போதும். எந்த முறையானாலும் கழுவியவுடன் சூடாக உலர்த்தி எண்ணெய் பூசுங்கள், விட்டால் சில நிமிடங்களிலேயே மஞ்சள் துரு பூக்கும்.

டேபிளின் மேற்பரப்பை இயந்திர சாண்டரால் தேய்க்காதீர்கள், குழி விழும். தட்டையான கட்டையில் 220, பிறகு 320 எமரி பேப்பர் சுற்றி, மண்ணெண்ணெய் விட்டுக் கையால் தேயுங்கள். பழைய மெஷின் என்றால் டேபிளில் யாரோ போட்ட தவறான துளைகள் இருந்தே தீரும். எப்பாக்ஸியில் இரும்புத்தூள் கலந்து அடைக்கலாம், ஆனால் அவை வேலையை எந்த வகையிலும் கெடுப்பதில்லை. நான் விட்டுவிடுவேன். துளையைச் சுற்றி எழும்பி நிற்கும் பிசிறை மட்டும் தட்டையான அரத்தால் சமப்படுத்தியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் வைக்கும் பொருள் சாய்ந்து நிற்கும்.

தூணை நீளவாக்கில் தேய்க்காமல், எமரி பட்டையைத் தூணில் சுற்றி இரண்டு முனையையும் மாறி மாறி இழுத்துத் தேயுங்கள். முடிந்ததும் மெழுகு பூசுங்கள். தூணில் கிரீஸ் பூசுகிறவர்கள் உண்டு, துளையிடும் தூள் முழுவதும் அதில் ஒட்டி டேபிளை நகர்த்தும்போது உப்புத்தாள் மாதிரி உராயும்.

பேரிங்

பழைய பேரிங்கைக் கையில் சுற்றினால் வழவழப்பாக இருக்கிறதே, எதற்கு மாற்ற வேண்டும் என்று தோன்றும். உள்ளே கிரீஸ் காய்ந்துபோயிருக்கும். மெஷின் முழுவதும் பிரித்துக் கிடக்கும் இந்த நேரத்தில் மாற்றாமல் விட்டால் பிறகு இதற்காகவே மறுபடி பிரிக்க வேண்டிவரும். கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள்.

எண் வளையத்தில் பொறித்திருக்கும். 6203 என்றால் உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மி.மீ. 6202 என்றால் 15, 35, 11. எண் அழிந்திருந்தால் வெர்னியரால் இந்த மூன்றையும் அளந்தாலே கண்டுபிடித்துவிடலாம். சில பழைய மெஷின்களில் உள்வளையம் மட்டும் ஒரு பக்கம் அகலமாக நீண்டிருக்கும். அதற்குப் பதிலாகச் சாதாரண பேரிங் போட்டால், அந்த நீளத்துக்கு ஒரு ஸ்பேசர் வளையம் கடைந்து போட வேண்டும். இதைக் கவனிக்காமல் போட்டால் புல்லி ஹெட்டில் உரசும். இருபுறமும் ரப்பர் மூடி உள்ள 2ஆர்எஸ் வகையே ட்ரில்லிங் மெஷினுக்குச் சிறந்தது, தூள் உள்ளே போகாது.

கழற்றும்போது பேரிங் சாகலாம், தண்டு சாகக்கூடாது. பொருத்தும்போது ஒரே விதி: எந்த வளையம் இறுக்கமாகப் போகிறதோ அந்த வளையத்தை மட்டும் தள்ள வேண்டும். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தை, குவிலுக்குள் இறக்கும்போது வெளிவளையத்தை. சரியான அளவு குழாய்த் துண்டோ பழைய பேரிங்கின் வளையமோ இதற்கு உதவும். தவறான வளையத்தில் அடித்தால் விசை முழுவதும் குண்டுகள் வழியாகப் போய், புது பேரிங் அன்றைக்கே கரகரக்கத் தொடங்கும். ஸ்பிண்டிலைச் சில மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, பேரிங்கை 80 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் பெரும்பாலும் கையாலேயே உட்கார்ந்துவிடும். நேரடி நெருப்பு காட்டாதீர்கள்.

ஸ்பிண்டிலின் மேல்முனையில் பள்ளங்கள் வெட்டிய ஸ்ப்லைன் பகுதி, புல்லிக்குள் இருக்கும் ஸ்லீவில் மேலும் கீழும் சறுக்கிக்கொண்டே சுழலும். தேய்ந்திருந்தால் சுமையில்லாமல் ஓடும்போது கடகடவென்று சத்தம் வரும். துளையின் துல்லியத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை. கெட்டியான கிரீஸ் பூசினால் சத்தம் அடங்கிவிடும்.

மோட்டாரும் மின்சாரமும்

பழைய மோட்டாரில் முதலில் பழுதாவது வயரின் உறை. துணியோ ரப்பரோ சுற்றிய வயர் என்றால் வளைத்ததுமே உதிரும். டெர்மினல் பெட்டியிலிருந்து வெளியே வரும் வயர் முழுவதையும் மாற்றுங்கள். கெபாசிட்டரைத் தொடும் முன் ஒரு ரெசிஸ்டர் வழியாக அதன் மின்னூட்டத்தை இறக்கிவிடுங்கள். எண்ணெய் நிரப்பிய மிகப் பழைய கெபாசிட்டர்களுக்குள் பிசிபி என்ற நச்சு எண்ணெய் இருக்க வாய்ப்புண்டு. கசிந்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள்.

சுருளுக்கும் உடலுக்கும் இடையே 500 வோல்ட் மெகரால் (மின்காப்பை அளக்கும் கருவி) சோதித்து, 1 மெகா ஓமுக்குக் கீழே காட்டினால் அந்த மோட்டாரை இணைக்கக் கூடாது. ஈரம் காரணமாக இருக்கலாம். மிதமான சூட்டில் நன்றாக உலர்த்தி மறுபடி சோதியுங்கள், மாறவில்லையென்றால் ரீவைண்டிங்தான். மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் ஸ்டார்ட் கெபாசிட்டர் அல்லது உள்ளே இருக்கும் சென்ட்ரிஃப்யூகல் சுவிட்சின் கருகிய முனைகளைப் பாருங்கள்.

15 அங்குல மெஷினுக்கு அரை குதிரைத்திறன் போதுமானது. மெஷினோடு வந்தது த்ரீ ஃபேஸ் மோட்டார் என்றால் தூக்கி எறிய வேண்டாம். சிங்கிள் ஃபேஸிலிருந்து அதை ஓட்டும் விஎஃப்டி கருவி ஒன்று பொருத்தினால் வேகத்தையும் குமிழைத் திருப்பி மாற்றலாம்.

சுவிட்ச் விஷயத்தில் பழைமையைப் பாதுகாக்கத் தேவையில்லை. மின்சாரம் போய்த் திரும்பி வரும்போது மெஷின் தானாக ஓடத் தொடங்காத நோ-வோல்ட் சுவிட்சைப் போடுங்கள். பல பழைய மெஷின்கள் இரண்டு வயரோடு எர்த் இல்லாமலே வந்தவை. எர்த் வயரை மோட்டார் உடலோடும் ஹெட்டோடும் பெயின்ட் சுரண்டிய இடத்தில் இறுக்கி, பிளக்கின் எர்த் முனைக்கும் தூணுக்கும் இடையே மல்டிமீட்டரில் 1 ஓமுக்குக் குறைவாக வருகிறதா என்று பாருங்கள். மின்வேலையில் பழக்கமில்லாதவர்கள் இந்தப் பகுதியை எலக்ட்ரீஷியனிடம் விடலாம்.

பெயின்ட்

பழைய பெயின்டில் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். உலர்ந்த நிலையில் சாண்டர், வயர் வீல் போடாமல், பெயின்ட் ரிமூவர் பூசிச் சுரண்டுங்கள், அல்லது தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பெல்ட் கவரின் உட்புறத்தில் வெயில் படாத அசல் நிறம் கிடைக்கும். ரெட் ஆக்சைடு பிரைமர், மேலே இரண்டு கோட் எனாமல், அவ்வளவுதான். குவில் போகும் துளை, தூண் உட்காரும் பரப்பு, டேபிள் சாயும் முகம் இவற்றில் ஒரு சொட்டுப் பெயின்ட்கூடப் படாமல் டேப் ஒட்டி மறைக்க வேண்டும். அசல் பெயின்ட் முக்கால்வாசி நன்றாக இருந்தால் கழுவி மெழுகு பூசி அப்படியே விடுவது என் கட்சி.

சேர்ப்பதும் அளப்பதும்

பிரித்த வரிசையின் தலைகீழ் வரிசை. குவிலின் வெளிப்பரப்பில் மெல்லிய மெஷின் எண்ணெய், பினியன் கடிக்கும் ரேக்கின் பற்களில் சிறிது கிரீஸ். ஸ்பிரிங்கை, குவில் கைவிட்டதும் தானாக மேலே போகும் அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். டங்கென்று மேலே போய் இடித்தால் அதிகம்.

சக்கைப் பொருத்தும் முன் அதன் டேப்பரையும் ஸ்பிண்டிலின் டேப்பரையும் தின்னரால் துடைத்து முழுவதும் உலர விடுங்கள். இந்த இடத்தில் எண்ணெய் கூடாது. உலோகமும் உலோகமும் நேரடியாகக் கவ்விப் பிடிப்பதுதான் இதன் பிடிமானம். சக்கின் தாடைகளை முழுவதும் உள்ளே இழுத்துவிட்டு, டேபிளில் மரக்கட்டை வைத்து, கைப்பிடியால் குவிலை இறக்கி அழுத்துங்கள்.

இப்போது சக்கில் நேராகக் கிரைண்ட் செய்த கம்பி ஒன்றை மாட்டி டயல் கேஜால் பாருங்கள். 0.1 மி.மீ.க்குள் இருந்தால் நிம்மதி. கூடுதலாக இருந்தால் குற்றவாளி யாரென்று கண்டுபிடிக்கலாம். கேஜ் அதிகம் காட்டும் இடத்தில் சக்கிலும் ஸ்பிண்டிலிலும் நேர்க்கோட்டில் ஒரு மார்க்கர் கோடு போடுங்கள். சக்கைக் கழற்றி அரைச் சுற்று திருப்பிப் பொருத்தி, கம்பியை அதே நிலையில் மாட்டி மறுபடி அளங்கள். உச்சம் சக்கின் கோட்டோடு நகர்ந்திருந்தால் சக்தான் கோளாறு, புதுசு வாங்கிக்கொள்ளலாம். ஸ்பிண்டிலின் கோட்டிலேயே நின்றால் டேப்பரில் ஒட்டிய தூசியோ அடிபட்டு எழும்பிய பிசிறோ இருக்கும். டேப்பர் முழுவதும் மார்க்கர் மை பூசி சக்கை லேசாக மாட்டித் திருகி எடுத்தால் மை அழிந்த இடம் காட்டிக்கொடுக்கும். அந்தப் புள்ளியை மட்டும் மெல்லிய எண்ணெய்க் கல்லால் தேய்க்க வேண்டும், முழு டேப்பரையும் அல்ல.

அடுத்து டேபிள் ஸ்பிண்டிலுக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பது. தடித்த கம்பியை இசட் வடிவில் வளைத்து ஒரு முனையைச் சக்கில் மாட்டுங்கள், மறுமுனையில் டயல் கேஜைக் கட்டி டேபிளில் 200 மி.மீ. வட்டமாகக் கையால் சுற்றுங்கள். கேஜ் இல்லையென்றால் கம்பி முனைக்கும் டேபிளுக்கும் நடுவே ஃபீலர் கேஜ் தகடு போதும். இடவல வித்தியாசத்தை டேபிளின் சாய்வு போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்துவிடலாம். முன்பின் வித்தியாசத்துக்கு அப்படி வசதி கிடையாது. டேபிளும் பிராக்கெட்டும் சேரும் முகத்தில் மெல்லிய பித்தளைத் தகடு (ஷிம்) வைக்க வேண்டும். எதிரெதிர் புள்ளிகளுக்கிடையே 0.1 மி.மீ. வந்துவிட்டால் அதற்கு மேல் துரத்தாதீர்கள், கைப்பிடியை அழுத்தும்போது ஏற்படும் நெளிவே அந்த அளவுக்கு இருக்கும்.

பெல்ட்டும் வேகமும்

நீண்ட நாள் நின்ற மெஷினின் பெல்ட் புல்லியின் வளைவிலேயே உறைந்துபோயிருக்கும், ஓட்டினால் துள்ளும். பேரிங் சத்தம் என்று நினைப்பது பலமுறை இதுதான். புதிய பெல்ட்டுக்கு மோட்டாரை அதன் சறுக்குத் தளத்தின் நடுவில் வைத்து, புல்லிகளைச் சுற்றி நூல் பிடித்து நீளம் அளங்கள். ஏ-வகை வி-பெல்ட்டின் மேலகலம் 13 மி.மீ., இசட் வகை 10 மி.மீ. பெல்ட்டின் மேற்பரப்பு புல்லியின் விளிம்போடு கிட்டத்தட்டச் சமமாக நிற்க வேண்டும். பள்ளத்தின் அடியைத் தொட்டால் வகை தவறு, வழுக்கும். நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் 10 மி.மீ. அளவுக்கு உள்வாங்கினால் இறுக்கம் சரி.

வேகக் கணக்கு எளிது. மோட்டார் நிமிடத்துக்கு 1440 சுற்று, மோட்டார் புல்லி 50 மி.மீ., ஸ்பிண்டில் புல்லி 125 மி.மீ. என்றால் ஸ்பிண்டில் 576 சுற்று. தேவையான வேகத்துக்கு, வெட்டு வேகத்தை 320-ஆல் பெருக்கி ட்ரில்லின் விட்டத்தால் வகுங்கள். ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) ட்ரில்லுக்கு மைல்டு ஸ்டீலில் நிமிடத்துக்கு 25 மீட்டர், வார்ப்பிரும்பில் 20, அலுமினியத்தில் 60 என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் ஸ்டீலில் 10 மி.மீ. துளைக்கு 800 சுற்று, 20 மி.மீ.க்கு 400, 50 மி.மீ. ஹோல் சாவுக்கு 160.

மரவேலைக்கென்று செய்த பழைய மெஷின்கள் பலவற்றில் குறைந்த வேகமே 500, 600-க்கு மேல். பெரிய ட்ரில் கிறீச்சிட்டுக் கருகுவதற்குக் காரணம் அதுதான். நடுவில் ஒரு இடைப்புல்லி சேர்ப்பதோ, த்ரீ ஃபேஸ் மோட்டாரும் விஎஃப்டியும் வைப்பதோ தீர்வு. விஎஃப்டியில் மிகவும் குறைத்து ஓட்டினால் மோட்டாரின் விசிறியும் மெதுவாகி மோட்டார் சூடேறும் என்பதால், பெல்ட்டைக் குறைந்த படியில் போட்டுவிட்டு மிச்சத்தை மட்டும் குமிழில் குறையுங்கள்.

ஓட்டிப் பார்த்தல்

மெஷினை முதலில் மேசையில் அல்லது தரையில் போல்ட் போட்டு இறுக்குங்கள். குறைந்த வேகத்தில் சுமையின்றி பதினைந்து நிமிடம் ஓட விட்டு குவிலின் மேல் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு இயல்பு, கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் நட்டை அதிகமாக இறுக்கியிருக்கிறீர்கள்.

முதல் துளைக்கு 6 மி.மீ. ட்ரில், தடித்த மைல்டு ஸ்டீல் பட்டை, சென்டர் பஞ்ச் குறி, சில சொட்டு வெட்டு எண்ணெய். பட்டையைக் கையால் பிடிக்காதீர்கள். ட்ரில் மறுபக்கம் வெளிவரும் கணத்தில்தான் பிடித்து இழுக்கும். வைஸில் இறுக்கி, வைஸையும் டேபிளோடு போல்ட் போடுங்கள். மெஷின் ஓடும்போது கையுறை, தொங்கும் சட்டைக் கை, கட்டாத முடி எதுவும் கூடாது. சக் கீயைச் சக்கிலேயே விட்டுவிட்டு சுவிட்ச் போடும் பழக்கம் யாருக்கும் வரும், அதற்கு ஸ்பிரிங் பொருத்திய, தானாக வெளியே விழுந்துவிடும் சாவி நல்லது.

இரண்டு பக்கமும் ஒரே அளவில் சுருள் வருகிறதென்றால் ட்ரில்லும் மெஷினும் ஒத்துப்போகின்றன. ஒரு பக்கம் மட்டும் சுருள் வந்தால் மெஷினைச் சந்தேகிக்கும் முன் ட்ரில்லைச் சாணை பிடியுங்கள், அநேகமாக இரண்டு வெட்டு விளிம்பும் ஒரே நீளத்தில் இருக்காது. துளையில் அதே ட்ரில்லின் மழுங்கிய பக்கத்தைத் தலைகீழாக நுழைத்துப் பாருங்கள். ஆட்டமில்லாமல் நின்றால் சரி. சில மணி நேரம் வேலை செய்த பிறகு புது பெல்ட் சற்றே நீண்டிருக்கும், புல்லியின் செட் ஸ்க்ரூக்களும் ஒரு கால் சுற்று ஏற்கும். அப்போது ஹெட்டின் போல்ட்டையும் டேபிளின் சாய்வு போல்ட்டையும் சேர்த்தே இறுக்கிவிட்டு, செங்குத்தை இன்னொரு முறை அளந்துகொள்ளுங்கள்.